சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி ஓர் உயிர்

போன வாரம் ஹாஸ்டலில் கரண்ட் போனது. வழக்கம் போல ஜெனரேட்டர் உறும ஆரம்பித்தது. பரீட்சை முடிந்து பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்ட நேரம். நான்கு மாடிக் கட்டிடத்தில் மொத்தமே இருபது அறையில்தான் வெளிச்சம். ஆனால் அந்த ஜெனரேட்டர் முழுக் கட்டிடத்துக்கும் சேர்த்து வாங்கியது. லோடு இல்லாமல் கரும்புகை கக்கிக்கொண்டு நின்றது.

"மச்சான், இந்த டீசல் காசுல மெஸ்ல தினமும் முட்டை போடலாம்டா" என்றேன்.

பக்கத்தில் இருந்தவன் என்.சி.சி. ஆசாமி. அடுத்த வருடம் ராணுவ அதிகாரிகள் தேர்வு எழுதப் போகிறவன். "ஹாஸ்டல்ல கணக்குப் பாரு, தப்பில்ல. நாளைக்கு ஆர்மி கேம்ப்ல வந்து இதையே பேசாத. உசுரக் குடுக்கிறவன்கிட்ட லைட்ட அணை, ஹீட்டரக் குறைன்னு சொல்லுவியா?" என்றான்.

நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். எனக்கும் இரண்டு நிமிடம் பதில் வரவில்லை. அப்புறம் யோசித்தும் படித்தும் பார்த்ததில் என் பதில் இதுதான் என்று முடிவானது. ஊருக்கு எட்டாத ராணுவ முகாமில் எரிபொருளை மிச்சம் பிடிப்பது சிப்பாயிடம் நாம் கேட்கிற தியாகம் இல்லை. சிப்பாய்க்கு நாம் பட்டிருக்கும் கடன். அதைச் செய்யாமல் இருப்பதுதான் அவன் உயிரோடு விளையாடுவது.

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

சுமைகூலி

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று ஒரு பழமொழி உண்டே, அது ராணுவ முகாமின் டீசலுக்கென்றே சொன்னது போல இருக்கும். பங்கில் டீசல் என்ன விலை என்று நமக்குத் தெரியும். ஆனால் அந்தப் பங்கு முகாமுக்குப் பக்கத்திலா இருக்கிறது? டேங்கர் லாரி வேண்டும். லாரிக்கு டிரைவர் வேண்டும். லாரிக்கு முன்னும் பின்னும் காவல் வண்டி வேண்டும். காவல் வண்டிக்கும் டீசல் வேண்டும். வழியில் கண்ணிவெடி இருக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். சாலை முடிகிற இடத்தில் ஹெலிகாப்டர் வேண்டும். அதுவும் முடிகிற இடத்தில் மனிதன் முதுகு வேண்டும்.

இதையெல்லாம் கூட்டினால் என்ன விலை வரும்? 2009-ல் அமெரிக்க ராணுவத் தலைமையகம் அவர்கள் நாடாளுமன்றத்தில் ஒரு கணக்குச் சொன்னது. ஆப்கானிஸ்தானின் எட்டாத மூலைகளில் ஒரு கேலன் எரிபொருள் போய்ச் சேர 400 டாலர் வரை ஆகலாம் என்று. லிட்டருக்கு 100 டாலருக்கு மேல். சுண்டைக்காய் கால் பணம்தான்!

பணம் போகட்டும். அமெரிக்கா அச்சடித்துக்கொள்ளும். உயிர்க் கணக்குக்கு வருவோம். அமெரிக்கத் தரைப்படையின் சுற்றுச்சூழல் கொள்கை நிறுவனம் 2009-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2007-ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொண்டு, எரிபொருள் கொண்டுபோன வண்டி வரிசைகளில் எத்தனை பேர் செத்தார்கள் அல்லது காயம்பட்டார்கள் என்று பார்த்தார்கள். ஆப்கானிஸ்தானில் 24 வரிசைக்கு ஒருவர். ஈராக்கில் ஏறக்குறைய 39 வரிசைக்கு ஒருவர்.

24 டிரிப் டீசலுக்கு ஒரு மனிதன். இதை அந்த டீசல் பில்லில் யார் எழுதினார்கள்? எந்தக் கட்டத்தில் எழுதினார்கள்?

அந்த நாட்டின் அரசுத் தணிக்கை அலுவலகமும் 2009-ல் ஒரு அறிக்கை தந்தது. 2008-ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டால், ஈராக், ஆப்கானிஸ்தான் இரண்டிலும் இருந்த அமெரிக்கப் படைகளுக்குச் சராசரியாக ஒரு மாதத்துக்கு 6.8 கோடி கேலன் எரிபொருள் போயிருக்கிறது. அதாவது சுமார் 25 கோடி லிட்டர். அந்த வருடம் ஜூன் என்ற ஒரே மாதத்தில், பக்ராம் என்ற ஒரே விமான தளத்துக்குப் போகும் வழியில் தாக்குதலிலும் மற்ற சம்பவங்களிலும் 44 லாரிகளும் 2,20,000 கேலன் எரிபொருளும் காலி.

2010-ல் இன்னொரு வேடிக்கை. எல்லையில் ஹெலிகாப்டர் தாக்குதலில் தன் வீரர்கள் செத்ததற்குப் பாகிஸ்தான் கோபித்துக்கொண்டு டோர்க்கம் வாசலைப் பத்து நாட்கள் போல மூடிவிட்டது. வரிசையில் நின்ற நேட்டோ டேங்கர்களை வந்தவன் போனவன் எல்லாம் கொளுத்தினான். உலகத்தின் மிகப் பெரிய ராணுவம் ஒரு செக்போஸ்ட் கதவுக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. எதிரியிடம் விமானம் இல்லை, டாங்கி இல்லை. ஒரு தீப்பெட்டி போதுமாக இருந்தது.

இத்தனை டீசலும் எங்கே போனது?

டாங்கிக்கும் விமானத்துக்கும் போயிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அமெரிக்கப் பாதுகாப்பு அறிவியல் வாரியம் 2001-லேயே, அதாவது இந்தப் போர்களுக்கெல்லாம் முன்பே, ஒரு அறிக்கை கொடுத்தது. போர்க்களத்தில் தரைப்படைக்கு அதிகம் எரிபொருள் குடிக்கும் முதல் பத்து இயந்திரங்களில் சண்டை போடுகிறவை இரண்டே இரண்டு. அவையும் ஐந்தாவது இடமும் பத்தாவது இடமும்தான். மற்றதெல்லாம் சுமக்கிற வண்டிகளும் ஆதரவு வேலை செய்கிற இயந்திரங்களும். அதே வாரியம் 2008-ல் மறுபடி எழுதியது. போர்க்காலத்தில் தரைப்படை எரிக்கும் எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு போல ஜெனரேட்டர்களுக்கே போகிறதாம்.

அந்த ஜெனரேட்டர் என்ன செய்தது? பெரும்பகுதி, கூடாரத்துக்குள் குளிரூட்டியை ஓட்டியது. ஈராக் வெயிலில், துணிக் கூடாரத்தில்!

ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். துணிக்கு வெப்பத்தைத் தடுக்கிற சக்தி கிட்டத்தட்டக் கிடையாது. உள்ளே குளிர்ந்த காற்றை ஊத ஊத, துணி வழியாகவும் தையல் வழியாகவும் வாசல் வழியாகவும் வெயில் உள்ளே வந்துகொண்டே இருக்கும். அந்தக் குளிரூட்டிக்காக டீசல், அந்த டீசலுக்காக லாரி, அந்த லாரிக்காகக் காவல். கடைசியில் பாலைவனத்தைக் குளிர்விப்பதற்காக ஒருவன் சாலையில் செத்தான்.

நம்ம ஹாஸ்டல் வியாதி அங்கேயும் இருந்தது. ஒவ்வொரு கூட்டமும் தனக்கென ஒரு ஜெனரேட்டர், அதுவும் "எதற்கும் இருக்கட்டும்" என்று பெரிய சைஸ். டீசல் எஞ்சினைக் கால்வாசி லோடில் மணிக்கணக்காக ஓட்டினால் சிலிண்டர் சூடு ஏறாது, எண்ணெய் முழுதாக எரியாது, எரியாத எண்ணெயும் கரியும் புகைப்போக்கியில் பிசுபிசுவென்று சேரும். எண்ணெயும் வீண், எஞ்சினும் சீக்கிரம் பழுது. நான்கு ஜெனரேட்டர் கால்வாசி லோடில் ஓடுவதற்குப் பதில் ஒன்று முக்கால்வாசிக்கு மேல் லோடில் ஓடினால் போதும், இன்னொன்று துணைக்கு நின்றால் போதும். இதற்கு ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். கேபிள் இழுத்து ஒரு பலகையில் சேர்த்தால் போதும்.

கேட்ட தளபதியும் வராத பதிலும்

"உசுரக் குடுக்கிறவன்கிட்ட சொல்லுவியா" என்ற நண்பனுக்கு இந்த இடத்தைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். சிக்கனம் வேண்டும் என்று முதலில் கத்தியது சுற்றுச்சூழல் ஆசாமிகள் இல்லை. களத்தில் நின்ற தளபதிகள்.

2003-ல் பாக்தாத் வரை படையை ஓட்டிக்கொண்டு போன ஜேம்ஸ் மேட்டிஸ், எரிபொருள் என்ற கயிற்றில் கட்டிப் போட்டிருக்கிறீர்கள், அவிழ்த்துவிடுங்கள் என்று கேட்டார். 2006 ஜூலையில் மேற்கு ஈராக்கின் அன்பார் மாகாணத்தில் படைத்தலைவராக இருந்த ரிச்சர்ட் சில்மர் அவசரக் கோரிக்கை ஒன்றை மேலே அனுப்பினார். சூரியத் தகடும் காற்றாலையும் கொடுங்கள், லாரி வரிசைகளைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் என் ஆட்கள் சாலையில் செத்துக்கொண்டே இருப்பார்கள் என்பதுதான் அதன் சாரம். போரின் நடுவில், ஒரு கடற்படைக் காலாட்படைத் தளபதி, துப்பாக்கி கேட்கவில்லை. சூரியத் தகடு கேட்டார்.

2008-க்குப் பிறகு ஈராக்கில் கூடாரங்களின் மேல் நுரைக்காப்பு தெளிக்கிற வேலை பெரிய அளவில் நடந்தது. பார்க்க அசிங்கமாக, குளவிக்கூடு மாதிரி இருக்கும். ஆனால் குளிரூட்டிக்கு ஆகும் மின்சாரம் பாதியோ அதற்கு மேலோ குறைந்தது. அதிலும் குறை உண்டு. நுரை தெளித்த கூடாரத்தை மடித்து எடுத்துப் போக முடியாது, முகாமைக் காலி செய்யும்போது அது மொத்தமும் குப்பை. இருந்தாலும் யோசித்துப் பாருங்கள். புது எஞ்சின் இல்லை, புது எரிபொருள் இல்லை. சுவருக்கு ஒரு போர்வை, அவ்வளவுதான்.

2010 இலையுதிர் காலத்தில் ஆப்கானிஸ்தானின் சங்கினுக்கு ஐந்தாவது மரைன் ரெஜிமெண்டின் மூன்றாவது பட்டாலியன் போனது. அந்தப் போரிலேயே மிக மோசமான இடங்களில் ஒன்று. 25 பேரை அங்கே இழந்தார்கள். அந்தப் பட்டாலியனின் ஒரு கம்பெனியிடம் மடித்துச் சுமக்கக்கூடிய சூரியத் தகடுகளும் மின்கலப் பெட்டிகளும் எல்.இ.டி. விளக்குகளும் இருந்தன. ஒரு ரோந்து முகாமில் நாளுக்கு 20 கேலனாக இருந்த எரிபொருள் தேவை இரண்டரை கேலனாகக் குறைந்தது. ஜெனரேட்டர் சத்தம் நின்றதால் இரவில் எதிரி நடமாட்டத்தைக் காதால் கேட்க முடிந்தது. வாக்கி டாக்கிக்கு முதுகில் கிலோ கிலோவாக பேட்டரி சுமப்பதும் குறைந்தது.

2006-ல் கேட்டது, 2010-ல் ஒரு கம்பெனிக்குச் சோதனையாகப் போய்ச் சேர்ந்தது. நான்கு வருடம். அதற்கு நடுவில் எத்தனை 24 டிரிப் போயிருக்கும்?

இங்கே ஒரு ஆட்சேபம் வரும் என்று தெரியும். "அப்படியானால் அமெரிக்காக்காரன் இன்னும் சௌகரியமாகச் சண்டை போட வேண்டும் என்கிறாயா?" இல்லை சாமி. ஈராக் போரே நடந்திருக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. ஆனால் அந்த லாரி ஓட்டியவர்களில் நிறையப் பேர் சிப்பாய்கள்கூட இல்லை. கூலிக்கு வந்த ஏழை நாட்டு டிரைவர்கள். ஒரு போர் தவறு என்று சொல்வதற்கும், அதில் துணிக் கூடாரத்தைக் குளிர்விக்க ஒரு டிரைவர் எரிந்து சாக வேண்டியதில்லை என்று சொல்வதற்கும் நடுவில் முரண்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம்

அமெரிக்காக்காரன் கதையைச் சொல்லிச் சிரிப்பது சுலபம். நம் கதை என்ன?

1984 ஏப்ரலில் இருந்து நம் வீரர்கள் சியாச்சினில் இருக்கிறார்கள். அங்கே குண்டு பட்டு இறந்தவர்களைவிடக் குளிரிலும் பனிச்சரிவிலும் உயரத்திலும் இறந்தவர்கள் அதிகம். 2016 பிப்ரவரியில் சோனம் என்ற நிலையில், 19,600 அடி உயரத்தில், பனிச்சரிவில் புதைந்து பத்துப் பேர் இறந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆவது பட்டாலியன். பத்தில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். பனிச்சரிவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் சம்பந்தம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனிதன் இருக்கிறான் என்றால், அவனுக்கு வேண்டிய ஒவ்வொரு லிட்டரையும் யாரோ ஒருவன் அதே பனியில் நடந்தோ பறந்தோ கொண்டுபோக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெரியப்பா இருக்கிறார். ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். லடாக் பக்கம் இரண்டு முறை இருந்தவர். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது கேட்டேன். "தம்பி, எதிரிய நான் பைனாகுலர்ல பாத்ததோட சரி. மண்ணெண்ண கேன மட்டும் தெனமும் பாத்தேன். பனி உருக்கித் தண்ணி, அதுக்கு மண்ணெண்ண. சோறு, அதுக்கு மண்ணெண்ண. ராத்திரி புகாரி எரியணும், அதுக்கும் அதுதான். காலையில துப்புனா கரி கரியா வரும்" என்றார்.

புகாரி என்பது கூடாரத்துக்குள் வைக்கிற இரும்பு அடுப்பு. புகை போகக் குழாய் இருக்கும். ஆனால் குழாயில் பனி அடைத்தாலோ காற்று எதிர்த்து அடித்தாலோ புகை உள்ளேதான். குளிருக்குப் பயந்து எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டால் கார்பன் மோனாக்சைடு வேறு. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். ஏற்கெனவே காற்று மெலிந்த இடம். இருக்கிற கொஞ்சம் ஆக்ஸிஜனை அடுப்பும் ஆளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

சாலை இருக்கிற இடத்திலும் கதை லேசில்லை. ஸ்ரீநகரிலிருந்து லே போகும் சோஜிலா கணவாய் பனிக்காலத்தில் மூடிப்போகும். சில வருடங்களாக மூடுகிற நாட்கள் குறைந்திருக்கின்றன என்றாலும் மூடுவது மூடுவதுதான். அதனால் குளிர்காலத்துக்கு வேண்டிய எண்ணெய், அரிசி எல்லாவற்றையும் முன்கூட்டியே மேலே ஏற்றி வைப்பது ஒவ்வொரு வருடமும் ஒரு போர் மாதிரி நடக்கிறது. சாதாரண டீசல் அந்தக் குளிரில் மெழுகு கட்டிவிடும். இதற்கென்றே இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் மைனஸ் 33 டிகிரி வரை இறுகாத டீசலை லடாக்குக்காக இறக்கியது. அதே 2019 பிப்ரவரியில் ஸ்ரீநகரிலிருந்து லே வரை 220 கிலோவோல்ட் மின்பாதையும் வந்தது. நல்ல விஷயம். ஆனால் லே நகரத்துக்குக் கரண்ட் வந்தால் எல்லைக்கோட்டுப் பக்கத்து மலை உச்சிக்கு வந்த மாதிரி ஆகாது.

2020-ல் கல்வான் நடந்தது. அந்தக் குளிர்காலத்தில் கிழக்கு லடாக்கில் சுமார் 50 ஆயிரம் வீரர்கள் தங்கினார்கள். நெருக்கடி வந்ததும் வெப்பமூட்டிய கூடங்கள், கூடாரங்கள் எல்லாம் அவசரமாக எழுப்பப்பட்டன. அதைச் செய்த எஞ்சினியர்களுக்கு ஒரு சல்யூட். ஆனால் நெருக்கடி வந்தால்தான் செய்வோமா? அதே 2020 பிப்ரவரியில், கல்வானுக்கு நான்கு மாதம் முன்னால், சி.ஏ.ஜி. அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது. உயரமான பகுதிகளில் வீரர்களின் தங்குமிடத்தை மேம்படுத்தும் திட்டத்துக்கு 274 கோடி ரூபாய் செலவாகியும் நோக்கம் நிறைவேறவில்லை என்று அதில் இருந்தது. பனிக் கண்ணாடிக்கும் பூட்ஸுக்கும் தட்டுப்பாடு என்றும் இருந்தது. டி.வி.க்காரர்கள் ஒரு நாள் கத்தினார்கள். மறுநாள் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள்.

ஒரு சின்னக் கணக்கு

நாம் இரண்டாம் வருடத்தில் படித்த வெப்பமாற்றப் பாடம்தான். பத்துப் பேர் படுக்கிற ஒரு கூடாரம். சுவர், கூரை எல்லாம் சேர்த்து 60 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 10 டிகிரி, வெளியே மைனஸ் 20. வித்தியாசம் 30 டிகிரி. ஒற்றைத் துணி என்றால் ஒரு சதுர மீட்டரில், ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, 6 வாட் போல வெப்பம் வெளியேறும். பெருக்குங்கள். கிட்டத்தட்ட 11 கிலோவாட். 14 மணி நேர இரவுக்கு 150 யூனிட். ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் சுமார் 10 யூனிட் வெப்பம். அடுப்பில் அதில் அறுபது சதவீதம்தான் உள்ளே தங்கும் என்று வைத்தால், ஒரு ராத்திரிக்கு 25 லிட்டர்.

இப்போது அதே கூடாரத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் தடிமனில் நல்ல நுரைத்தகட்டைச் சுவராக வையுங்கள். வெப்ப இழப்பு சதுர மீட்டருக்கு அரை வாட்டுக்குக் கொஞ்சம் மேல். மொத்தமே ஒரு கிலோவாட். இரண்டரை லிட்டர்.

இதில் இன்னொரு வேடிக்கை. தூங்குகிற மனிதன் ஒருவன் 70, 80 வாட் வெப்பம் விடுகிறான். பத்துப் பேர் என்றால் முக்கால் கிலோவாட். அதாவது சுவர் சரியாக இருந்தால் அந்தப் பத்துப் பேரின் உடம்புச் சூடே அறையைப் பெரும்பாலும் காப்பாற்றும்! காற்றோட்டத்துக்கு விட வேண்டிய இடைவெளி, தரை வழியாகப் போகும் வெப்பம் எல்லாம் சேர்த்தால் இதைவிடக் கூடும், மறுக்கவில்லை. இரட்டைத் துணிக் கூடாரம் என்றால் முதல் கணக்கு குறையும், அதையும் மறுக்கவில்லை. எவ்வளவு கூட்டிக் கழித்தாலும் பல மடங்கு வித்தியாசம் போகாது. காகிதத்தில் போட்ட கணக்கு தப்பு என்றால் யாராவது திருத்துங்கள், சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிறேன்.

இது காகிதக் கணக்கு மட்டும் இல்லை என்பதற்கும் ஆள் இருக்கிறது. லடாக்கின் சோனம் வாங்சுக் 2021 பிப்ரவரியில் ராணுவத்துக்கென ஒரு சூரிய வெப்பக் கூடாரத்தைச் செய்து காட்டினார். பத்து ஜவான்கள் தங்கலாம். கழற்றினால் எந்தத் துண்டும் 30 கிலோவுக்கு மேல் இல்லை, ஆள் சுமந்து போகலாம். முன்னால் கண்ணாடி மாதிரியான வெயில் அறை, பகலில் வாங்கிய சூட்டை நடுச்சுவரில் பிடித்து வைத்து இரவில் படுக்கை அறைக்குக் கொடுக்கும். இரவு பத்து மணிக்கு வெளியே மைனஸ் 14, உள்ளே 15 டிகிரி என்று அளந்து காட்டினார். ஒரு சொட்டு மண்ணெண்ணெய் இல்லாமல்.

மேகம் மூடிய நாளில் என்ன ஆகும், பனிப்புயலில் தாங்குமா, 19 ஆயிரம் அடியில் நிற்குமா என்றெல்லாம் கேளுங்கள், கேட்க வேண்டும். சோதித்துப் பாருங்கள். தோற்றால் எங்கே தோற்றது என்று எழுதுங்கள். ஆனால் "நல்லா இருக்கு" என்று ஃபோட்டோவை நாலு பேருக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடுவது பதில் இல்லை.

மினுக்குகிற திட்டமும் மினுக்காத சுவரும்

2024-ல் லடாக்கின் சுஷுலில் என்.டி.பி.சி. ஒரு திட்டத்துக்கு அடிக்கல் போட்டது. பகலில் சூரியத் தகடு, மிஞ்சிய மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன், இரவில் அந்த ஹைட்ரஜனில் இருந்து மின்சாரம். 4,400 மீட்டர் உயரத்தில், மைனஸ் 30 டிகிரி வரை போகும் இடத்தில், ராணுவத்துக்கு 200 கிலோவாட் இரவும் பகலும். டீசல் ஜெனரேட்டருக்குப் பதிலாக, 25 வருடத்துக்கு. அருமையான முயற்சி. லித்தியம் மின்கலத்தை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுப்போகும், அதனால் அங்கே வேறு வழி தேடுவதில் அர்த்தம் இருக்கிறது. நான் அதற்கு எதிரி இல்லை.

என் சண்டை வரிசையைப் பற்றி. ஹைட்ரஜன் என்றால் தலைப்புச் செய்தி வருகிறது, ரிப்பன் வெட்ட ஆள் வருகிறது. நுரைத்தகடு என்றால் யாரும் வருவதில்லை. ஆனால் ஓட்டைக் கூடாரத்துக்கு ஹைட்ரஜன் மின்சாரம் கொடுத்தால் என்ன ஆகும்? அந்த ஹைட்ரஜனும் ஓட்டை வழியாகத்தான் போகும். பத்து கிலோவாட் வேண்டிய இடத்தில் ஒரு கிலோவாட் போதும் என்று ஆக்கிவிட்டால், அதே 200 கிலோவாட் எத்தனை மடங்கு ஆட்களுக்குப் போதும்!

வரிசை இதுதான். முதலில் சுவர். அடுத்து, சும்மா கிடைக்கிற சூடு: பகல் வெயிலும், ஜெனரேட்டர் வெளியே விடுகிற வெப்பமும். டீசல் ஜெனரேட்டர் எரிப்பதில் மூன்றில் ஒரு பங்கு போலத்தான் மின்சாரமாகிறது, மீதி எல்லாம் சூடு. அதை வானத்துக்கு ஊதிவிட்டுப் பக்கத்துக் கூடாரத்தில் மண்ணெண்ணெய் எரிப்பது முட்டாள்தனம். அதற்கடுத்து, ஜெனரேட்டர்களை ஒன்று சேர்த்துச் சரியான லோடில் ஓட்டுவது. அப்புறம் சூரியத் தகடும் மின்கலமும். அதற்கும் அப்புறம் ஹைட்ரஜன். நாம் தலைகீழாகப் போகிறோம்.

மூன்று விஷயம் கேட்கிறேன். ஒன்று, எந்த முகாமுக்கு எதை வாங்கினாலும் அந்த முகாமின் வாசலில் ஒரு லிட்டருக்கு என்ன ஆகிறதோ அந்த விலையில் கணக்குப் போடுங்கள், பங்க் விலையில் போடாதீர்கள். அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே வைத்தார்கள், அதுவும் போர் தொடங்கிப் பல வருடம் கழித்து. பங்க் விலையில் பார்த்தால் நுரைத்தகடு ஆடம்பரம். சியாச்சின் வாசல் விலையில் பார்த்தால் அது ஒரே குளிர்காலத்தில் போட்ட பணத்தைத் திருப்பித் தரக்கூடும்.

இரண்டு, கூடாரமோ கூடமோ வாங்கும் டெண்டரில் எத்தனை பேர் படுக்கலாம் என்பதோடு, ஒரு இரவுக்கு எவ்வளவு வெப்பம் வெளியேறலாம் என்பதற்கும் உச்சவரம்பு எழுதுங்கள். வாங்கும் முன் குளிர்காலத்தில், அதே உயரத்தில், ஆளை வைத்துச் சோதியுங்கள். டெல்லியில் மார்ச் மாதத்தில் இல்லை.

மூன்று, ஒவ்வொரு ஜெனரேட்டரிலும் மீட்டர் வையுங்கள். எவ்வளவு எரிகிறது, எவ்வளவு லோடு என்று தெரியாமல் எதைக் குறைப்பது?

இதில் எதிலாவது சிப்பாயிடம் ஹீட்டரைக் குறை என்று சொன்னேனா? ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் இன்னும் சூடாகத் தூங்கட்டும். இன்னும் சுத்தமான காற்றை மூச்சிழுக்கட்டும். குறைய வேண்டியது அவன் சௌகரியம் இல்லை, அவனுக்காக மலை ஏறுகிற கேன்களின் எண்ணிக்கை. ஒவ்வொரு கேன் குறையும்போதும் ஒரு ஹெலிகாப்டர் ஒரு முறை குறைவாகப் பறக்கிறது, ஒரு லாரி ஒரு முறை குறைவாகக் கணவாய் ஏறுகிறது, ஒரு போர்ட்டர் ஒரு முறை குறைவாகப் பனிப்பிளவைத் தாண்டுகிறான்.

நம் வகுப்பில் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி அலைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நூறாவது முறையாக அதே லைன் ஃபாலோயர் ரோபோவைச் செய்வதற்குப் பதில், மைனஸ் 20-ல் மடங்கி விரியக்கூடிய ஒரு சுவர்த்தகட்டை யோசித்துப் பாருங்கள். குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் அனுமதி வாங்கினால் சோதித்தும் பார்க்கலாம். நானும் சேர்ந்துகொள்கிறேன், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

என்.சி.சி. நண்பா, இதையெல்லாம் உனக்காகத்தான் எழுதினேன். நாளைக்கு நீ தோளில் நட்சத்திரத்தோடு ஏதோ ஒரு மலை உச்சியில் நிற்பாய். அப்போது உன் கீழ் இருக்கிற பையன்களில் ஒருவனை மண்ணெண்ணெய் கேனோடு பனியில் அனுப்ப வேண்டி வரும். அவன் திரும்பி வருகிற வரைக்கும் உனக்குத் தூக்கம் வராது. அந்த ராத்திரியில் ஹாஸ்டல் ஜெனரேட்டரை நினைத்துக்கொள். நான் முட்டைக்காகச் சண்டை போடவில்லை என்று உனக்குப் புரியும்.

கணக்கில் தப்பு இருந்தாலும், கருத்தில் தப்பு இருந்தாலும் சொல்லுங்கள். திட்டுவதாக இருந்தால் காரணத்தோடு திட்டுங்கள் :-)